அடையாறு எழுதும் கணக்கு

“இப்பல்லாம் வீட்டுக்கு வீடு கேன்சர்” என்ற பேச்சு மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அதைச் சரிபார்க்கச் சென்னையில் ஒரு கணக்கு இருக்கிறது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1982 முதல் எழுதிவரும் பதிவேடு அது.

அடையாறு வாசலில் தெலுங்கும் கேட்கும், வங்காளமும் கேட்கும். அந்தக் கூட்டத்தை வைத்து ஊர் நிலவரம் சொல்ல முடியாது. ஆகவே பதிவேட்டு ஊழியர்கள் மற்ற மருத்துவமனைகளுக்கும் போய்க் கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார்கள்: வயது, எந்த உறுப்பு, பயாப்சி முடிவு, முகவரி, எத்தனை காலமாகச் சென்னைவாசம். ஓராண்டாவது இங்கே குடியிருந்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சான்றிதழில் புற்றுநோய் என்றே எழுதப்படாத சாவுகள் அதில் அகப்படும்.

ஆயுள் கூடினால் புற்றுநோயும் கூடும். அதனால் வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டித்தான் விகிதம் போடுகிறார்கள். அப்படிப் பார்த்தாலும் மாற்றம் பெரிது. 1980களில் சென்னைப் பெண்களிடம் முதலிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு. அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, தடுப்பூசி பரவலாவதற்கு முன்பே. மார்பகப் புற்று முந்திக்கொண்டு, 2012–16இல் லட்சம் பெண்களுக்கு 42.2 ஆகியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், தாமதமான கல்யாணமும் ஒன்றிரண்டு பிள்ளைகளும் முன்னதைக் குறைக்க உதவின; பின்னதைக் கூட்டியதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அதற்காகப் பழையபடி பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கவா முடியும்? மார்பில் கட்டி தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போவதுதான் வழி.

ஆண்களிடம் ஆரம்பத்தில் முன்னே நின்றது இரைப்பைப் புற்று. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையூர்களிலும் அது அதிகம். உயரம்தான் காரணமோ என்று தோன்றலாம்: அங்குள்ள கீட்டோ நகரம் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊரோ கடல் மட்டம். ஆக, உயரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வயிற்றில் தங்கும் ஹெலிகோபேக்டர் கிருமி, உப்பு, புகை ஆகியவற்றுக்கு மேடு பள்ளம் கிடையாது.

சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வந்து தி.நகர் உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் அந்த முகவரியையே படிவத்தில் எழுதிவிடுவதுண்டு. தயவுசெய்து சொந்த ஊரை எழுதுங்கள்; அந்த நோய் உங்கள் மாவட்டக் கணக்கில்தான் ஏற வேண்டும்.