மின்கலம் பேணல்

நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ள திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் புகழ் பெற்ற நகரமாகும். அங்குள்ள பனியன் கம்பெனிகளில் உழைப்போருள் பலர் பிற மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய தொலைவான மாநிலங்களிலிருந்தும் வந்தவர். பெற்றோரின் குரலைக் கேட்பதற்கும், கூலியில் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்புவதற்கும் அவர்களுக்குத் துணையாவது கைப்பேசியே. அதற்கு உயிர்நிலையாக விளங்குவது மின்கலம். அது நலிந்தால், அரும்பாடுபட்டு ஈட்டிய கூலியைக் கொண்டு வேறொன்று வாங்க நேரும். ஆதலின், மின்கலத்தைப் பேணும் முறையை அறிதல் இன்றியமையாததாகும்.

இக்காலக் கைப்பேசிகளில் அமைந்திருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1970களில் விட்டிங்காம் என்னும் அறிஞர் இதற்கு அடிகோலினார். 1980இல் குட்இனஃப் என்பார் கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தி இதன் ஆற்றலைப் பெருக்கினார். 1985இல் ஜப்பானியரான யோஷினோ, நடைமுறைக்கு ஏற்றவாறு இதனை உருவாக்கினார். 1991இல் இது விற்பனைக்கு வந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும், காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மின்கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஈடுபட்டு வருகிறது.

மின்கலத்தினுள் நேர்முனை, எதிர்முனை என இரு முனைகள் உண்டு. அவற்றினிடையே ஒரு நீர்மம் நிறைந்திருக்கும். மின்னேற்றும்பொழுது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டு நீங்கி, எதிர்முனையிலுள்ள கரியின் அடுக்குகளுக்குள் புகும். கைப்பேசி இயங்கும்பொழுது அவை திரும்பிச் செல்லும். ஷிப்டுதோறும் தொழிலாளர் விடுதிக்கும் ஆலைக்கும் சென்று மீள்வதைப் போன்றது இச்செயல். ஒவ்வொரு முறையும் சிறு தேய்மானம் நேரும். எனவே எந்த மின்கலமும் என்றும் புதிதாக இராது. எனினும், தேய்மானத்தின் விரைவைக் குறைத்தல் இயலும்.

புதிய கைப்பேசியை முதல் நாளில் 8 மணி நேரம் மின்னேற்ற வேண்டும் என்றும், மின்சாரம் முற்றும் தீர்ந்த பின்னரே மீண்டும் ஏற்ற வேண்டும் என்றும் சிலர் கூறுவர். இவை பழைய நிக்கல் காட்மியம் மின்கலங்களையொட்டி எழுந்த வழக்கங்கள். லித்தியம் மின்கலத்திற்கு இவை பொருந்தா. முற்றும் வறண்டுபோதலும், விளிம்புவரை நிறைந்து நெடுநேரம் நிற்றலும் அதனை வருத்தும். 20 விழுக்காட்டிற்குக் குறையாமலும், 80 விழுக்காட்டிற்கு மிகாமலும் பெரும்பாலும் வைத்திருத்தல் நன்று. சிறிது சிறிதாகப் பலமுறை ஏற்றுவதால் தீங்கில்லை. ஊசியில் ஓடும் நூல் மிகத் தளர்ந்தாலும் தையல் கெடும். மிக இறுகினாலும் நூல் அறும். மின்கலத்தின் இயல்பும் இத்தகையதே.

மின்கலத்தின் பெரும்பகை வெப்பம். வெப்பம் மிகுந்தால் அதனுள் நிகழும் வேண்டாத வேதிவினைகள் விரைவு பெறும். சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியசுக்கு மேற்படின், மின்கலத்தின் கொள்திறன் நிலையாகக் குறையக்கூடும். திருப்பூரின் கோடையில் தகரக் கூரையின் கீழ் வெம்மை எளிதில் இவ்வளவைக் கடக்கும். ஆதலின், கைப்பேசியை இஸ்திரி மேசையின் அருகிலும், வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைத்தலாகாது. வேலை முடிந்து களைத்து வந்தோர், தலையணையின் கீழ் வைத்து இரவு முழுவதும் மின்னேற்றுவதும் தவறு. காற்றோட்டமான இடத்தில், ஏற்ற சார்ஜரைக் கொண்டு மின்னேற்றி, போதிய அளவு ஏறியதும் நீக்கிவிடுதல் வேண்டும்.

வீங்கிய மின்கலத்தை அழுத்துதலும் துளைத்தலும் கூடா. உள்ளிருக்கும் நீர்மம் தீப்பற்றும் தன்மையது. அத்தகையதைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்திப் பழுது பார்ப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பயனற்ற மின்கலத்தைக் குப்பையிலோ ஆற்றிலோ எறியாமல், மறுசுழற்சிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். பயன்பட்ட மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை, 2022ஆம் ஆண்டின் இந்திய அரசு விதிகள் உற்பத்தியாளர்க்கு வகுத்துள்ளன. சாயக்கழிவால் முன்பே துன்புற்ற நொய்யலுக்கு மற்றொரு நஞ்சைச் சேர்த்தல் தகாது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது முதுமொழி. மின்சாரத்திற்கும் அது பொருந்தும். அளவறிந்து ஏற்றி, வெம்மையினின்று காப்போரின் கைப்பேசி நெடுநாள் உழைக்கும்; அவர்தம் உழைப்பின் பொருளும் வீணாகாது.