இன்காவுக்கு முந்திய சாவீன் கோயில்

பெரு நாட்டின் தொன்மை என்றவுடன் இன்கா மன்னரையே கருதுவது பலர் வழக்கம். அம்மன்னர்தம் பேரரசு விரிந்ததோ கி. பி. 15ஆம் நூற்றாண்டிலேயாம். அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே அந்தீசு மலையில் எழுந்தது சாவீன் கோயில். 1970ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அழிந்து மீண்டெழுந்த உவாராசு நகரிலிருந்து, வழிகாட்டியோடு மலைத்தொடரைக் கடந்து, அதனைக் காணச் செல்வர். கோயில் இருப்பது ஏறத்தாழ 3,180 மீற்றர் உயரத்தில். அவ்வுயரத்திற்குப் பழகாதார் விரைந்து நடப்பின் மூச்சுத் திணறுவர்.

புறத்தே நோக்குவார்க்கு அது கற்குவியலாகவே தோன்றும். சிறப்பெல்லாம் அகத்தேயுள்ளது. ஒடுங்கிய இருட்பாதைகள் பின்னிக் கிடக்க, காற்றுப் புகுதற்குச் சிறு துளைவழிகள் அமைத்துள்ளனர். பாதைகள் சந்திக்குமிடத்தில், கோரைப்பல்லும் பாம்புக் கூந்தலும் உடைய தெய்வம் செதுக்கிய கருங்கல், ஏறத்தாழ 4.5 மீற்றர் உயரமுடையது, நாட்டிய இடத்திலேயே இன்றும் நிற்கின்றது. 2001இல் இக்கோயிலில் 20 ஊதுசங்குகள் கிடைத்தன. அவை எக்குவடோர்க் கரையை ஒட்டிய வெப்பக்கடலுக்குரியவை, கைபட்டுத் தேய்ந்தவை. அவ்விருளில் அவற்றின் முழக்கம் கேட்டோர் நடுங்கியிருப்பர் எனல் மிகையன்று. எழுத்தறியா அம்மக்கள் தம் சமயத்தைக் கல்லாலும் இருளாலும் ஒலியாலும் உணர்த்தினர் போலும்.

1919இல் இதனை ஆராய்ந்த யூலியோ தெல்லோ, இதுவே அந்தீசு நாகரிகத்தின் தாய் என்றார். கரால் போன்ற மிகப் பழைய இடங்கள் பின்னர் ஆராயப்பட்டமையால் அக்கூற்று நிலைபெறவில்லை. 1945இல் சேற்றுவெள்ளம் கோயிலை மூடிற்று. வெளிச்சுவரில் வரிசையாகப் பதித்திருந்த கற்றலைகளுள், தன் இடத்தில் எஞ்சியிருப்பது ஒன்றே.