கோயம்பேடு டூ விழுப்புரம்: கொரோனா வந்த வழியைக் கண்டுபிடிப்பது எப்படி?

2020 மே மாதத் தொடக்கம் ஞாபகம் இருக்கா? சென்னை கோயம்பேடு சந்தையில் வேலை பார்த்த தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். சில நாட்களிலேயே விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் கொரோனா எண்ணிக்கை மளமளவென ஏறியது. மே 5-ம் தேதி சந்தை மூடப்பட்டது.

நெட்வொர்க் மாடல்னா என்ன?

மனிதர்களைப் புள்ளிகளாகவும், அவர்களின் சந்திப்புகளைக் கோடுகளாகவும் வரைவதுதான். திண்டிவனத்தையே எடுத்துக்கோங்க. சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, திருவண்ணாமலை என நாலு பக்கமும் சாலை பிரிகிற ஊர். ஒரு கிராமத்து நிறுத்தத்தை மூடினால் பெரிய பாதிப்பில்லை. திண்டிவனத்தை மூடினால் நாலு திசையும் திணறும். நோய்ப் பரவலிலும் அப்படித்தான். சில புள்ளிகளில் மட்டும் கோடுகள் குவிந்திருக்கும். 2020-ல் கோயம்பேடு அப்படியொரு புள்ளி.

இதற்கு ஆதாரமும் நம்ம ஊரிலேயே கிடைத்தது. தமிழ்நாடு, ஆந்திராவில் சுமார் 85,000 நோயாளிகளையும் அவர்களோடு தொடர்பில் இருந்த சுமார் 5.75 லட்சம் பேரையும் ஆராய்ந்த கட்டுரை, 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. சுமார் 70 சதவீத நோயாளிகளிடமிருந்து, கண்டறியப்பட்ட தொடர்பாளர்கள் யாருக்கும் தொற்று பரவவில்லை. வெறும் 8 சதவீதம் பேர்தான் 60 சதவீதப் புதிய தொற்றுக்குக் காரணம்.

மரபணு எதற்கு?

கொரோனா வைரஸின் மரபணுவில் சுமார் 30,000 எழுத்துகள். பரவப் பரவ, மாதத்துக்குச் சராசரியாக இரண்டு எழுத்துகள் மாறும். திண்டிவனத்தில் ஒருவர், விழுப்புரத்தில் ஒருவர் என வைத்துக்கொள்வோம். இருவரின் வைரஸும் அச்சு அசலாக ஒன்று என்றால், இரண்டும் சமீபத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்பியிருக்கலாம். பத்து எழுத்து வித்தியாசம் என்றால், பக்கத்து வீட்டுக்காரர்களாகவே இருந்தாலும் தொற்று வந்த வழி வேறு.

ஆனால், யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை மரபணு மட்டும் சொல்லாது. யார், எங்கே, எந்தத் தேதியில் போனார் என்ற தகவலும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். தமிழக அரசின் சொந்த மரபணு ஆய்வகம் சென்னையில் திறக்கப்பட்டது 2021 செப்டம்பரில்தான்.

நமக்கு என்ன பாடம்?

அன்று ஊர் திரும்பிய தொழிலாளர்களைப் பல இடங்களில் குற்றவாளிகளைப் போலப் பார்த்தோம். கணக்கு வேறு சொல்கிறது: சிக்கல் மூட்டை தூக்கியவரிடம் இல்லை, ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்த இடத்தில் இருந்தது. பழி விழும் என்று பயந்தால் யாரும் போன இடத்தைச் சொல்ல மாட்டார்கள். அப்போது அறுபடுவது நோயின் சங்கிலி அல்ல, அதைத் தேடுகிற நம் கோடுதான்.