பழைய கார்களின் உறுப்புப் பொறிப்புகள்

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கப் புகுவோர், மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று பிரித்தறிதலையே தம் முதற்கடனாகக் கொள்வர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அதன் முன்னைய நிலைக்கு மீட்போருக்கும் அக்கடன் உண்டு. அவர்க்குச் சான்றாவன உறுப்புகளின்மேல் அமைந்த எண்களும் எழுத்துகளுமேயாம்.

எம். ஜீ. ஏ. என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1955 முதல் 1962 வரை இது செய்யப்பெற்றது. இதன் முதற்கால எஞ்சின் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. இதே குடும்பத்து எஞ்சின் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய கார்களிலும் பூட்டப்பெற்றது. இவை நம் நாட்டு வீதிகளில் ஓடியமையை முதியோர் நன்கறிவர். ஆதலின், ஒன்றன் எஞ்சின் பழுதுற்றவிடத்து மற்றொன்றன் எஞ்சினைப் பூட்டுதல் எளிதாயிற்று. மேலோட்டமாக நோக்குவார்க்கு வேறுபாடு புலனாகாது. எண்ணே அதனைக் காட்டும். எஞ்சின் எண்ணின் முன்னுள்ள எழுத்துகளில் ‘ஜீ’ என்பது எம். ஜீ.யையும், ‘ஏ’ என்பது ஆஸ்டினையும், ‘எம்’ என்பது மொறிஸையும் குறிக்கும்.

பொறிப்புகள் மூவகைப்படும். உலோகத்தை வார்க்கும்போதே புடைத்தெழுவது வார்ப்புக்குறி. உறுப்பையே மாற்றினாலன்றி அது மாறாது. வார்த்தபின் அடித்துப் பதிப்பது வெட்டுக்குறி. அதனை அராவி வேறெண் பதித்தல் கூடும். ஆணியறைந்த தகடு மூன்றாவது. அது கழற்றி வேறிடத்தில் அறைதற்கு எளிது. எனவே, தகட்டை மட்டும் கண்டு எஞ்சினை நம்புதல் தகாது.

லூக்காஸ் நிறுவனத்தார் அக்காலத்து டைனமோ முதலிய மின்னுறுப்புகளில் உறுப்பெண்ணோடு திங்களையும் ஆண்டையும் பதித்தனர். ‘10 58’ எனின் 1958 ஒக்ரோபர் என்பது பொருள். கார் 1958 மார்ச்சில் முடிந்ததாயின், அந்த டைனமோ பின்னர் வந்தது என்பது திண்ணம். ‘1 58’ எனின், அது மூல உறுப்பாயிருக்கலாம். அக்காலத்து வேறொரு காரிலிருந்து வந்ததாயும் இருக்கலாம். பிந்திய குறி மூலமன்மையை நிறுவும். முந்திய குறி மூலம் என்பதை நிறுவாது. இவ்வேறுபாட்டை மறந்தோரே பெரிதும் ஏமாறுவர்.

வவுணதீவைப் போன்ற வாவிக்கரை ஊர்களில் உப்புக்காற்றால் துரு விரைந்தேறும். என் அயலில் ஓர் இளைஞன், பழைய எஞ்சினொன்றைத் துப்புரவாக்கும் ஆர்வத்தால், சாணைச் சக்கரங்கொண்டு துருவோடு எண்ணையும் தேய்த்துவிட்டான். பதிவுப் புத்தகத்து எண்ணோடு ஒப்பிட ஒன்றும் எஞ்சவில்லை. நேர்மையாளரான உடையவர் தம் உரிமையை விளக்கப் பன்னாள் அலைந்தார். மண்ணெண்ணெயும் மென்தூரிகையும் கொண்டு மெல்லக் கழுவி, எண்ணின்மேல் தாளைப் பரப்பிப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்திருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது. கல்வெட்டுக்குப் படியெடுப்பது போல்வதே இதுவும். உறுப்பைக் கழற்றுமுன்னரே படியும் குறிப்பும் எடுத்தல் வேண்டும்.

கிழக்கிலங்கைக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்த யாழைச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலாக வெளியிட்டார். பழையதை மீட்போர்க்குச் சான்றே வழிகாட்டி என்பதற்கு அவர்தம் உழைப்பு சிறந்த எடுத்துக்காட்டு. கிடையாத உறுப்புக்குப் புதியதைப் பூட்டுதல் குற்றமன்று. அதனைப் புதியதென்று எழுதிவைக்காமையே குற்றம். பழந்தகட்டைப் புதிய எஞ்சினில் அறைதல் உலோகத்திற் செய்யும் இடைச்செருகலேயாம்.