இன்னும் எத்தனை முறை தூக்க முடியும்?

ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்வரை எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்கி வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்றதும் அந்தப் பிடி தளர்கிறது. எலும்பு கட்டப்படுவதைவிட வேகமாகக் கரைகிறது. தசையும் கூடவே மெலிகிறது. இந்தியப் பெண்களுக்கு இந்தக் கட்டம் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் எலும்புக்கும் தசைக்கும் அது மட்டும் போதாது. பாரம் தூக்க வேண்டும்.

எவ்வளவு பாரம்? ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்களிடம் ‘லிஃப்ட்மோர்’ என்ற ஆய்வு நடந்தது. ஒரு குழுவினர் பயிற்சியாளர் மேற்பார்வையில், வாரம் 2 முறை, அரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். ஒரே ஒரு தடவை மட்டும் தூக்க முடிகிற உச்ச எடையில் 85 சதவீதத்துக்கு மேல் தூக்கினார்கள். இன்னொரு குழு வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தது. 8 மாதம் கழித்துப் பார்த்தபோது, முதல் குழுவினரின் இடுப்பு முதுகெலும்பில் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது.

ஆக, உடம்புக்குச் சவாலாக இருக்கும் எடை வேண்டும். அது சவாலா இல்லையா என்பதை எப்படி அறிவது? நாடித்துடிப்பு இங்கே அவ்வளவாக உதவாது. ஒரு செட், அதாவது இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்று, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதோடு, ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது. வியர்வையையும் நம்ப முடியாது. இந்த வயதில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு குபீரென்று கொதித்து வியர்க்கும்.

மிஞ்சுவது தூக்குகிறவரின் சொந்தக் கணிப்பு. ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க், உழைப்பின் கடுமையை அவரவரே மதிப்பிட 6 முதல் 20 வரையிலான அளவுகோலை உருவாக்கினார். எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பை ஒட்டி வரும் என்பது கணக்கு. பாரப் பயிற்சியில் இப்போது புழங்குவது அதைவிட எளிய முறை. செட் முடிந்ததும், ‘இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும்?’ என்று கேட்க வேண்டும். இரண்டு என்றால் உழைப்பு பத்துக்கு 8. நான்கு என்றால் 6.

டம்பெல்லைத் தலைக்கு மேல் 10 முறை தூக்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் ஐந்தும் ஒரே வேகத்தில் போகும். எட்டாவதில், வேகமாகத் தூக்க நினைத்தாலும் கை தானாக மெதுவாகிறது. ஒன்பதாவதில் முழங்கை நடுங்குகிறது. பத்தாவது முடிந்ததும் ‘இன்னும் ஒன்றிரண்டு முடியும்’ என்று தோன்றினால் எடை சரி. பத்தாவதிலும் நேற்றைய சீரியல் கதையைச் சொல்ல முடிகிறதென்றால் எடை போதாது.

ஒரு எச்சரிக்கை: ‘அவ்வளவுதான், முடியாது’ என்று நாம் நினைக்கும் நேரத்திலும் கொஞ்சம் பலம் மீதமிருப்பதே வழக்கம். பழகாதவர்கள் எப்போதாவது பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடை மேலே விழ வாய்ப்பில்லாத மெஷினில், உண்மையிலேயே முடியாமல் போகும்வரை தொடர்ந்து செய்து, தங்கள் கணிப்பு சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூட்டு வலி, நெஞ்சு வலி, தலைச்சுற்றல் வந்தால் அது உழைப்பின் அடையாளம் அல்ல, உடனே நிறுத்துங்கள். எலும்பு முறிவோ இதய நோயோ இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

ஒரு நோட்டில் எடை, எண்ணிக்கை, பத்துக்கு எத்தனை என்ற மூன்றையும் எழுதி வாருங்கள். 8 ஆக இருந்த மதிப்பெண் அதே எடைக்கு 6 ஆகிவிட்டால், நீங்கள் வலுவாகிவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த டம்பெல்லை எடுங்கள்.