தலையில் கிரீடம், குடியிருக்க வீடு இல்லை!
விழுப்புரத்தில் திருநங்கைகள் அழகி போட்டி

சித்திரை பவுர்ணமி நெருங்கினால் போதும். விழுப்புரம் லாட்ஜுகளில் அறை கிடைக்காது. சென்னை, பெங்களூர், மும்பை என்று பல ஊர் திருநங்கைகள் வந்து குவிந்து விடுவார்கள். அறை வாடகையும் கிடுகிடு என்று ஏறி விடும்.

கூவாகம் கூத்தாண்டவர் கோவில் திருவிழாவுக்குத்தான் இந்த கூட்டம். கூவாகம் 2019 வரை விழுப்புரம் மாவட்டம். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆனாலும் ஆட்டம், பாட்டம் எல்லாம் விழுப்புரத்தில்தான் களை கட்டும். அதில் முக்கியமானது "மிஸ் கூவாகம்" அழகி போட்டி.

பட்டு சேலை, பளபளக்கும் நகை, தலை நிறைய மல்லிகை. ஒருவர் பின் ஒருவராக மேடையில் ஒய்யாரமாக நடந்து வருவார்கள். விசில் பறக்கும். கிண்டல் செய்யவே முண்டியடித்து வருகிற ஆசாமிகளும் உண்டு.

நடை, உடை, பாவனைக்கு மார்க். அதில் தேறியவர்களுக்கு கேள்வி சுற்று. எய்ட்ஸ் பற்றி கேட்பார்கள். பொது அறிவு கேள்வியும் வரும். இங்குதான் பலருக்கு வேர்க்கும். கேலி தாங்காமல் பள்ளிக்கூடத்தை பாதியில் விட்டவர்கள் ஆயிற்றே!

ஜெயித்தவருக்கு கிரீடம், பரிசு பணம். மறுநாள் பேப்பரில் படம். வீட்டை விட்டு விரட்டிய அப்பாவும் டீக்கடையில் அந்த பேப்பரை புரட்டலாம் அல்லவா?

ஒரு நாள் தாலி

போட்டி முடிந்ததும் கூவாகம் பயணம். பாரத போரில் களப்பலியான அரவான், சாகும் முன் கல்யாணம் கேட்டானாம். கண்ணனே மோகினியாக வந்து மனைவி ஆனான் என்பது கதை. அந்த மோகினியாக தங்களை நினைத்து திருநங்கைகள் தாலி கட்டிக் கொள்கிறார்கள். விடிந்தால் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளை சேலை. ஒப்பாரி ஊரையே உலுக்கும்.

"காலி இல்லை"

ஊர் திரும்பினால் பழைய கதைதான். வாசலில் "டூலெட்" போர்டு தொங்கும். ஆளை பார்த்ததும், "நேத்தே ஆள் வந்துட்டாங்கம்மா" என்பார் வீட்டுக்காரர்.

சட்டத்தில் குறை இல்லை. 2008-ல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. "திருநங்கை" என்ற கவுரவமான பெயரும் வந்தது. (அதற்கு முன் பத்திரிகைகள் கூசாமல் எழுதிய சொல் வேறு.) 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது.

சேலத்தை சேர்ந்த பிரித்திகா யாஷினி போலீஸ் வேலைக்கு மனு போட்டார். ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்திலும் அடங்கவில்லை என்று தள்ளி விட்டார்கள். அவர் விடவில்லை. சென்னை ஐகோர்ட்டு படி ஏறினார். 2015-ல் தீர்ப்பு அவர் பக்கம். 2017-ல் காக்கி சட்டை போட்டு, தர்மபுரியில் சப்-இன்ஸ்பெக்டராக வேலையில் சேர்ந்தார்.