டௌட் என்னும் ஆங்கிலச் சொல்

பாடம் முடிந்தவுடன் ஆசிரியரை அணுகி, “எனக்கு ஒரு டௌட்” என்று கூறாத மாணவர் நம் நாட்டுக் கல்லூரிகளில் அரியர். யானும் அவ்வாறு கூறியவனே. இங்கிலாந்தினின்று வந்திருந்த ஆசிரியர் ஒருவரிடம் ஒருநாள், “ஐ ஹாவ் எ டௌட், ஸார்” என்றேன். அவர் முகம் சிறிது மாறிற்று. “யான் கூறியவற்றுள் எதனை நீர் நம்பவில்லை?” என வினவினார். விளங்காத பகுதியை விளங்கிக்கொள்ள விரும்பினேனேயன்றி அவர் கூற்றை மறுக்க எண்ணினேனல்லேன். அன்று முதல் அச்சொல்லை ஆராயலானேன். அதன் பயனை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

இச்சொல் இலத்தீனிற் பிறந்தது. அம்மொழியில் ‘இரண்டு’ என்று பொருள்படும் ‘துவோ’ என்பதனோடு உறவுடைய ‘துபிதாரே’ என்னும் வினைச்சொல், இரு கருத்துக்களிடையே மனம் ஊசலாடுதலைக் குறித்தது. பிரெஞ்சு மொழி வழியாக அஃது ஆங்கிலத்தை அடைந்தபோது ‘பி’ என்னும் எழுத்து அதன்கண் இல்லை. பின்வந்த கற்றோர் இலத்தீன் மூலத்தை நினைப்பூட்டக் கருதி அவ்வெழுத்தைப் புகுத்தினர். மக்கள் நாவோ அதனை ஏற்றிலது. 1598-ம் ஆண்டில் அச்சேறிய ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ என்னும் நாடகத்தில், அவ்வெழுத்தை ஒலியாது விடுவோரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியன் ஒருவனை ஷேக்ஸ்பியர் நகைச்சுவை தோன்றப் படைத்துள்ளார். ஆதலின் மாணவர் ‘பி’யை எழுதுக, ஒலியாதொழிக.

முற்காலத்தில் இச்சொல்லுக்கு அச்சம் என்னும் பொருளும் உண்டு. அஞ்சத்தக்க வலியுடையானை ‘ரிடௌட்டபிள்’ என்பது அதன் எச்சமே. தன் தந்தையின் ஆவியுரு தோன்றிய செய்தி கேட்ட ஹாம்லெத், ஏதோ தீவினை நிகழ்ந்திருக்குமென்று ஐயுறுமிடத்து இச்சொல்லையே வழங்குகிறான். ஸ்காத்லாந்து மக்களிடையே இப்பொருள் இன்றும் உளது. மழை வருமென்பதை ‘டௌட்’ செய்வதாக அந்நாட்டார் ஒருவர் கூறின், மழை வந்துவிடுமென அஞ்சுகிறார் என்பது பொருள். அதனையே இங்கிலாந்தினர் கூறின், மழை வாராதென்று கருதுகிறார் என்பதே பொருள். இக்காலப் பொது வழக்கில் இச்சொல் நம்பாமையின் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

நம்மவர் இடறுவது இவ்விடத்திலேதான். ‘சந்தேகம்’ என்னும் நம் சொல் இரு திசையிலும் செல்லும். ‘அவன் திருடினான் என்று சந்தேகிக்கிறேன்’ என்றால், அவன் திருடியிருக்கக்கூடும் என்பதே கருத்து. இதற்குரிய ஆங்கிலச் சொல் ‘சஸ்பெக்ட்’ என்பது. அவ்விடத்து ‘டௌட்’ என்று எழுதினால், அவன் திருடியிரான் என்னும் மறுதலைப் பொருள் பிறக்கும். ஒரு சாட்சியின் மொழியைப் பெயர்த்தெழுதுவோர் இதில் தவறுவராயின் விளையும் கேடு சிறிதோ? ஒருவனுடைய நற்பெயர் ஒரு சொல்லில் தொங்குகின்றது. நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றிக் குற்றம் நிலைநாட்டப்படல் வேண்டுமென்பதும், அங்ஙனம் நாட்டப்படாவிடின் சந்தேகத்தின் பலன் எதிரியையே சாரும் என்பதும் ஆங்கில நீதிமுறையினின்று நாம் பெற்ற நெறிகளல்லவா?

‘நோ டௌட்’ என்னும் தொடரும் நம்மை மயக்குவதே. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஐயமில்லை’ என்றாகும். வழக்கிலோ ‘வரக்கூடும்’, ‘இருக்கலாம்’ என்ற அளவிலேயே பலகாலும் நிற்கும். ‘உண்மையே, ஆயினும்’ என்று ஒன்றை ஒப்புக்கொண்டு மறுப்பதற்கும் அதனை ஆள்வர். முழு உறுதி கூறவேண்டின் ‘வித்தௌட் டௌட்’ என்பதே தக்கது.

இனி, ஆசிரியரிடம் யான் எவ்வாறு கேட்டிருத்தல் வேண்டும்? விடையை நன்னூலார் தந்துள்ளார். அவர் வினாவை ஆறாக வகுத்து, அறியாவினாவையும் ஐயவினாவையும் வேறு வேறாக வைத்தார். பொருளே தெரியாது கேட்பது அறியாவினா. தொலைவில் தோன்றுவது கட்டையோ மனிதனோ என இரண்டிடையே நின்று கேட்பது ஐயவினா. யான் அன்று கேட்கக் கருதியது முன்னையது; அதற்கு ‘கொஸ்சன்’ என்னும் எளிய சொல்லே அமையும். நம்முள் ‘டௌட்’ என்று வழங்குதல் வேரூன்றிவிட்டது. அதனாற் பெரிய தீங்கில்லை. ஆயின் அயல்நாட்டார்க்கு எழுதும்போதும், பிறர் குற்றம் குறித்துப் பேசும்போதும், நாம் அறியவில்லையா, இரண்டிடையே ஐயுறுகிறோமா, நம்ப மறுக்கிறோமா என்பதை முதற்கண் நம் உள்ளத்தைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். அது தெளிந்தார்க்குத் தக்க சொல் தானே வந்து வாய்க்கும்.